"போகப் போகச் சரியாயிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

குன்னூரில் பிசியோதெரபி பார்க்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. போன மாதம், புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி, மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாவிடம், "லேசாத்தான் வீங்கியிருக்கு, போகப் போகச் சரியாயிடும்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு முன்பே அதே வாக்கியத்தைச் சொன்னவள் நான்.

பிசியோதெரபிக்குப் புதிதாக வரும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆபரேஷனான பக்கத்துக் கையில் ஊசி போடாதே, நகத்தை ஒட்ட வெட்டாதே என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறீர்கள். அதை விடுகிறேன். அந்தக் கை வீங்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காத்திருக்கச் சொல்வது

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர். அக்குளில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. "வளையல் இறுகுது கண்ணு, சாயந்திரமானா கை கனக்குது" என்றார். கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. தலையணை மேல் கையை வைத்துப் படுக்கச் சொல்லி, அந்தப் பாழாய்ப்போன வாக்கியத்தையும் சொல்லி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. சரியாகிவிடும் என்று படித்தவளே சொன்ன பிறகு அவர் எதற்கு வரப்போகிறார்?

வந்தார், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, குளிர்காய்ச்சலோடு. கவாத்து வெட்டிய குச்சி கீறி, கை முழுக்கச் சிவந்து கொதித்தது. ஆன்டிபயாடிக்கில் காய்ச்சல் தணிந்தது, வீக்கம் தணியவில்லை. அழுத்தினேன். குழி விழவில்லை.

இந்தக் குழிதான் விஷயம். நிணநீர் என்பது திசுக்களிலிருந்து வடியும் நீர். அக்குளில் அதை வடிகட்டும் சுமார் 20 முதல் 30 முடிச்சுகள் இருக்கின்றன. மார்பிலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி இங்கேதான் வந்து சேரும். புற்று அணுக்கள் கிளம்பினால் பெரும்பாலும் முதலில் இங்கே சிக்கும். நோய் எட்டியிருக்கிறதா என்று பார்க்கவும், எட்டியதை அகற்றவும் சர்ஜன் அங்கே கை வைக்கிறார். ஆனால் கையின் நிணநீருக்கும் அதே வழிதான். மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்களே, உடம்பும் அப்படி மாற்றுப் பாதை தேடும். பலருக்கு அது போதும். முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5-ல் ஒருவருக்குப் போதாமல் கை வீங்குகிறது. முதல் ஒன்றிரண்டை மட்டும் சாயம் போட்டுக் கண்டுபிடித்து எடுக்கும் சென்டினல் முறையில் இது சுமார் 20-ல் ஒருவர்.

தேங்குவது வெறும் நீரல்ல, புரதம் கலந்த நீர். நாள்பட்டால் தோலுக்கடியில் கொழுப்பும் நாரும் சேர்ந்து கை கெட்டியாகும், அழுத்தினால் குழி விழாது. எந்த ஆபரேஷன் என்பதையே இது மாற்றிவிடும். குழி விழும்படி நீராக இருக்கும்போது, ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய நிணநீர்க் குழாயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பக்கத்துச் சிறு சிரையோடு இணைக்கலாம். ஜப்பானில் இசாவோ கோஷிமா வளர்த்தெடுத்த முறை. சாயம் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் வேலை செய்யும் குழாய் கோடாக ஒளிரும். கோடு கலைந்து வெறும் மேகமாகத் தெரிந்தால் இணைக்கக் குழாய் இல்லை என்று அர்த்தம். வேறிடத்து முடிச்சை ரத்தக்குழாயோடு எடுத்து நடுவதும் உண்டு. எடுத்த இடம் வீங்கிவிடுமோ என்ற பயம் அதில். கெட்டியான பிறகு கையை இளைக்க வைப்பது, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன்தான். ஸ்வீடனின் மால்மோவில் ஹாக்கன் ப்ரோர்சன் நிலைநாட்டியது. ஆனால் அதற்குப் பிறகு, கையை இறுக்கிப் பிடிக்கும் உறையான பிரஷர் ஸ்லீவை ஆயுசுக்கும் கழற்றக்கூடாது.

அக்காவைக் கோவைக்கு அனுப்பினேன். கேமராவில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. "முதல்லயே வந்திருக்கலாமேம்மா" என்று சர்ஜன் அவரைத்தான் கடிந்துகொண்டாராம். முதல்லயேதான் வந்தார், என்னிடம்.

குழி விழும் அன்றே பேண்டேஜையும் ஸ்லீவையும் ஆரம்பியுங்கள். சில மாதம் ஒழுங்காகக் கட்டியும் இறங்காவிட்டால் மைக்ரோசர்ஜரி தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.

அளக்காமல் ஆரம்பிப்பது

ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கையையும் 4 சென்டிமீட்டருக்கு ஒரு இடமாக அளந்து எழுதி வையுங்கள். உழைக்கும் கை இயல்பிலேயே பருத்திருக்கும். பழைய அளவு இல்லாமல் 2 சென்டிமீட்டர் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

நீர் பிரியும் மாத்திரை

தண்ணீர் போகும், புரதம் கிடக்கும். வேண்டாம்.

யானைக்கால் என்று முத்திரை குத்துவது

ஆபரேஷன் தழும்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அந்த வார்த்தை எஸ்டேட் லைன் வீடுகளில் பரவும் வேகம் உங்களுக்குத் தெரியாது.

திடீர் வீக்கத்தை நீவிவிடுவது

வருடக்கணக்கில் அடங்கியிருந்த கை சில வாரத்தில் வீங்கி, வலித்து, விரல் மரத்தால் அக்குளில் புற்று திரும்பியிருக்கலாம், ரத்தம் உறைந்திருக்கலாம். கட்டாதீர்கள், நீவாதீர்கள். அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள்.

வேலையை விடச் சொல்வது

கொழுந்தெடுக்காவிட்டால் யார் சோறு போடுவது? 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், எடையை மெல்ல மெல்லக் கூட்டித் தூக்கிப் பழகிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை. ஸ்லீவும் கையுறையும் போட்டுக்கொண்டு பறிக்கட்டும்.

வெந்நீர்ப் பை

மார்கழிக் குளிரில் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆபரேஷனான பக்கம் மேற்கையின் உட்புறம் மரத்துக் கிடக்கும். சுட்டது கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

ஒரே ஒரு ஸ்லீவ்

இரண்டாக வாங்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஒன்றைத் துவைத்தால் மூன்று நாள் காயாது. அடுப்பு மேல் தொங்கவிட்டால் இழுவை போய்விடும்.