ஒரே மீட்டர், மூன்று குடும்பம்

காசிமேட்டில் இறால் உரிக்கிறேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் வந்தால் மளிகைக்கடை பாக்கி தீரும் என்று நம்பியிருந்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்றிரவு தூக்கமே இல்லை.

இ-சேவை மையத்தில் காரணம் தெரிந்தது: மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டிவிட்டதாம். ஒரு ஃபேன், இரண்டு விளக்கு இருக்கும் வீட்டிலா? நான் கொடுத்தது வீட்டுக்காரரின் இணைப்பு எண். அந்த மீட்டரில்தான் மூன்று குடும்பங்களுக்கும் மின்சாரம். குறுஞ்செய்தி வந்து 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அங்கேயே பதிந்தேன். கட்டணம் கிடையாது.

கள ஆய்வுக்கு வந்த அம்மாவை மாடிப்படிக்குக் கீழே, ஒட்டடை படிந்த அந்த ஒற்றை மீட்டர் முன் நிறுத்தி, மூன்று வாசலையும் காட்டினேன். வீட்டுக்கார அண்ணனும் உடன் நின்று சொன்னார். இரண்டு மாதத்தில் பணம் ஏறியது.