பிளேயர் பியானோ சுருள்களைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

துளையிட்ட காகிதச் சுருளை ஏற்றினால், அந்தத் துளைகள் வழியே செல்லும் காற்றின் உதவியால் தானாகவே இசைக்கும் பியானோவே பிளேயர் பியானோ. அதற்கான சுருள்களைச் சேகரிக்க விரும்புவோர், எந்தப் பாட்டு வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே எந்தக் கருவிக்கான சுருள் வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1908-ல் பஃபலோ நகரில் கூடி, 11¼ அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 9 துளைகள் என்ற கணக்கில், 88 சுரங்களுக்கான பொது அளவு ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் பரவலாக இருந்த 65 சுரச் சுருளும் இதே அகலம்தான். ஆனால் அதில் அங்குலத்துக்கு 6 துளைகளே உண்டு. எனவே அளவுகோலை மட்டும் நம்பினால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. சுருளின் இரு முனைகளையும் பாருங்கள்: 65 சுரச் சுருளில் சிறு ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், 88 சுரச் சுருளின் முனையில் பள்ளமே இருக்கும்.

டியோ-ஆர்ட், ஆம்பிகோ என்ற வகைச் சுருள்கள் பியானோ கலைஞரின் அழுத்த வேறுபாடுகளையும் திரும்ப ஒலிக்கச் செய்வதற்காக வெளியிடப்பட்டவை. அவை சாதாரண 88 சுரக் கருவியில் பொருந்தும், பாட்டும் ஒலிக்கும். ஆனால் அந்த நுணுக்கம் கிடைக்காது. விளிம்பில் உள்ள கட்டுப்பாட்டுத் துளைகள் சில கருவிகளில் கடைக்கோடிச் சுரங்களைத் தேவையின்றி ஒலிக்கச் செய்வதும் உண்டு. இதே நோக்கத்துக்கான இன்னொரு வகையான வெல்டே-மிக்னானின் சிவப்புக் காகிதச் சுருளோ 12⅞ அங்குல அகலம் கொண்டது என்பதால் அதற்குரிய கருவியைத் தவிர வேறெதிலும் நுழையாது.

வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள சீட்டை நம்பாமல் சுருளின் தொடக்கப் பகுதியை விரித்து அங்கு அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பல வீடுகள் மாறிவந்த சுருள்களில் பெட்டி மாறிப்போவது சகஜம். பிறகு, சுற்றியிருக்கும் காகிதத்தின் பக்கவாட்டை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு சீராக இருந்தால் நல்லது. பூனை பிராண்டியதுபோல் கிழிந்தும் மடங்கியும் இருந்தால், காகிதம் நேராக ஓடாமல் பக்கத்துச் சுரங்கள் ஒலிக்கும். மூலையைச் சற்று வளைக்கும்போதே ஒடிகிற காகிதத்தை, எவ்வளவு அரிய பதிவாக இருந்தாலும், வாசிப்பதற்கென்று வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கிழிசலைச் சரிசெய்யக் கடையில் கிடைக்கும் சாதாரண ஒட்டுநாடாவைத் தொடவே கூடாது. நாளடைவில் அதன் பசை கசிந்து, அடுத்த சுற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். மெல்லிய ஜப்பானியக் காகிதமும் மாவுப் பசையும் போதும். துளைகளை மூடாமல், காற்றுத் துளைகள் கொண்ட பித்தளைப் பட்டையில் உரசாத பக்கத்தில் மட்டும் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே சுற்ற வேண்டும். தளர்ந்த சுருளை இறுக்குவதற்காகக் காகித முனையைப் பிடித்து இழுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துவிடும். மெதுவாக மறுபடி சுற்றுவதே முறை. பெட்டிகளை நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்து, ஈரமும் கடும் வெப்பமும் அண்டாத இடத்தில் அடுக்குங்கள்.

எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பதைவிட ஒரு வரம்புக்குள் தேடுவதே சுவை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் தம் கையாலேயே வாசித்துப் பதிந்த சுருள்கள் மட்டும், அல்லது பாடல் வரிகள் ஓரத்தில் அச்சிடப்பட்டவை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 1900-ல் தொடங்கிய கியூ.ஆர்.எஸ். என்ற சுருள் தயாரிப்பு நிறுவனம் பழைய பதிவுகளைப் பலமுறை மறுவெளியீடு செய்துள்ளதால், பழைய தலைப்பு என்பதற்காகவே சுருளும் பழையது என்று எண்ணிவிடக் கூடாது.

ஒவ்வொரு சுருளுக்கும் நிறுவனம், எண், வாசித்தவர், வேகம், காகிதத்தின் நிலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வேகம் 70 என்றிருந்தால் நிமிடத்துக்கு 7 அடி காகிதம் ஓட வேண்டும் என்று பொருள். ஓட்டினால் தாங்காது என்று தோன்றும் சுருளைக் கருவியில் ஏற்றாமல், ஒளி வருடி மூலம் படமெடுத்து மிடி கோப்பாக (சுரங்களைக் கணினி வாசிக்கும் குறிப்புகளாகச் சேமிக்கும் கோப்பு) மாற்றிக் கேட்கலாம்.