தொழில் கடன் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு தொழில் செய்வோரின் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும்போது, பட்டறை நடத்திய காலத்தில் நானே செய்த தவறுகளைப் புதியவர்களின் கணக்குகளிலும் காண்கிறேன். தவணை தவறக் கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நடைமுறை மூலதனக் கடனில் இயந்திரம் வாங்குவது

மூலப்பொருள் வாங்கி, பொருளாக்கி, விற்று, பாக்கி வசூலாகும் வரையிலான சில மாத இடைவெளிக்காகத் தரப்படுவது இந்தக் கடன். இயந்திரமோ தன் விலையை ஈட்டித் தரப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். சரக்கிருப்பில் 25 விழுக்காட்டை மார்ஜினாக, அதாவது தொழில் செய்பவர் தானே போட வேண்டிய பங்காகக் கழிக்கும் வங்கியில், சரக்கு மதிப்பு 100 என்றால் 75 வரை எடுக்கலாம். அந்த 75-இல் 40-ஐ இயந்திரத்தில் போட்டவரிடம் சரக்கு 60தான் மிஞ்சும். அதற்கு அவர் எடுக்கக்கூடியது 45 மட்டுமே என்பதால், கூடுதலாக நிற்கும் 30-ஐ வங்கி திருப்பிக் கேட்கும்.

இயந்திரம் போன்றவற்றுக்குத் தரப்படும் தவணைக் கடனுக்கு ஆவணங்கள் திரட்டப் பொறுமையில்லாமல், கையிலிருந்த நடைமுறை மூலதனக் கடன் வரம்பிலேயே நான் இயந்திரம் வாங்கினேன். இரண்டே மாதத்தில், அதுவரை கிடைத்திராத பெரிய ஆர்டர் வந்தது. புது இயந்திரம் தயாராக நின்றது, அதில் ஏற்ற மூலப்பொருள் வாங்கத்தான் பணமில்லை. அதன்பின் தவணைக் கடன் கேட்டபோது, முழுப் பணமும் கொடுத்து வாங்கிவிட்ட இயந்திரத்துக்குக் கடன் தர இயலாது என்று வங்கி மறுத்துவிட்டது. வெளியில் அதிக வட்டிக்கு வாங்கிய தொகையை அடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

சென்ற மாதம் ஓர் இளைஞர், "வரம்பு சும்மாதானே கிடக்கிறது, ஐயா" என்றபோது எனக்குக் கோபமே வந்தது, ஏனெனில் அன்று நான் சொன்னதும் அதே சொற்கள்தாம். அடுத்த ஆர்டருக்கான மூலப்பொருள் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஒரே வாரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பிப்பது

ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் வரலாற்றில் பதிவாகும்; அடுத்தடுத்த பதிவுகளைப் பார்க்கும் வங்கி கடன் தரத் தயங்கலாம்.

வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது

அசல் குறைந்துவந்தாலும் முழு அசலுக்கே கணக்கிடப்படும் 10 விழுக்காடு வட்டி, மூன்றாண்டு மாதத் தவணையில், மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் அசல் முறையில் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்குச் சமம்.

சொந்த ஜாமீனைப் படிக்காமல் கையெழுத்திடுவது

நிறுவனத்தின் பெயரில் வாங்கும் கடனுக்குத் தன் வீடும் சேமிப்பும் பொறுப்பாவதைப் பலர் அறிவதில்லை. ஜாமீன் தொகைக்கு உச்சவரம்பு கேட்க விரும்புகிறவர், கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும்.