ஒருக்களித்துப் படுத்தால் ஒரு குரல் காணோம்

தூங்கும் முன் மெல்லிய குரலில் கதை வாசிக்கும் ஆடியோ கேட்பேன். செல்லூரில் எங்கள் தெருவில் வண்டிச் சத்தம் ஓயாது, அதனால் இயர்போன்தான். புதிதாகப் பிடித்த தொடரில் வாசிப்பவர்கள் இருவர்; அதில் ஒருவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கோப்பை அழித்து மறுபடி இறக்கினேன். டவுன்ஹால் ரோட்டில் புது இயர்போன்கூட வாங்கியாச்சு. ம்ஹூம்.

விசித்திரம் என்னவென்றால், உட்கார்ந்து கேட்டால் இரண்டு குரலும் தெளிவு! படுத்தால்தான் கோளாறு. ஒருக்களிக்கும்போது தலையணையில் அழுத்துகிறதென்று இடது இயர்போனைக் கழற்றிவிடுவேன். ஸ்டீரியோ பதிவில் ஒரு குரலை இடப்பக்கமாக ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகள், அணுகல்தன்மை என்று போய் ‘மோனோ ஆடியோ’வை இயக்கினேன். இரு பக்க ஒலியும் கலந்து ஒரே காதில் வந்துவிட்டது. அப்பாடா. அப்புறம், பாட்டுக் கேட்கும்போது அதை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஸ்டீரியோ போய்விடும்.