செல் ஒளிர்ந்தால் இனிப்பா?

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்பது போல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியை அடைத்துவிடுகிறது. டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரு புரதங்கள் ஜோடி சேர்ந்ததுதான் அந்த ஏற்பி. புது இனிப்புப் பொருள்களைத் தேடுபவர்கள் இதை ஆய்வகச் செல்களில் வைத்து, புதுச் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சொட்டுவார்கள். ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், செல்லில் முன்பே கலந்த சாயம் ஒளிரும்.

ஒளிர்ந்ததும் துள்ளிக் குதிப்பதுதான் முதல் தவறு. மூலிகைச் சாறுகள் பல தாமே ஒளிர்பவை. செல்லுக்கென்று சொந்தமாக வேறு ஏற்பிகளும் உண்டு. அதனால் இனிப்பு ஏற்பி இல்லாத வெறும் செல்லிலும் அதையே சொட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் லாக்டிசோல் சேர்க்க வேண்டும். மனித இனிப்பு ஏற்பியை அடக்கும் பொருள் அது. அதைச் சேர்த்தும் ஒளி கொஞ்சமும் குறையவில்லையா? அது இனிப்பு ஏற்பியிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

எலியின் ஏற்பியை நம்புவதும் ஆபத்து. நமக்கு இனிக்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு எலிக்கு இனிக்காது. பூனைக்கோ டி1ஆர்2 மரபணுவே பழுது.

ஒரே செறிவில் சோதித்து முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். சாக்கரின் என்ற செயற்கை இனிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாக இருந்தால் இனிப்பு. அளவு கூடினால் அதே ஏற்பியை அதுவே அடக்கும், போதாததற்குக் கசப்பு ஏற்பிகளையும் தட்டி எழுப்பும். கெட்டியான சாக்கரின் கரைசலைத் துப்பிவிட்டு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தால், தண்ணீர் இனிக்கும்! அடைப்பு விலகியதும் ஏற்பி மறுபடி விழிப்பதுதான் காரணம். ஆகவே பல செறிவுகளில் பாருங்கள். கசப்பு ஏற்பிகளிலும் பாருங்கள்.

தனியாகச் சொட்டியபோது ஒளிரவில்லை என்று தூக்கி எறிவதும் நஷ்டம். எஸ்6973 என்ற சேர்மம் தானாக இனிக்காது. சர்க்கரையின் இனிப்பைக் கூட்டும். மிராக்குலின் என்ற பழப் புரதம் நடுநிலைக் கரைசலில் சும்மா கிடக்கும், புளிப்பு பட்டால்தான் இனிக்கும். சர்க்கரையோடும் புளிப்போடும் சேர்த்துச் சோதிக்காதவர் கையில் இவை இரண்டுமே சிக்கியிருக்காது.

கடைசியாக, நாக்கில் வைத்துப் பார்க்கும் ஆசை. 1879-இல் வேதியியலாளர் ஃபால்பெர்க் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட்டதால்தான் சாக்கரின் கிடைத்தது என்பார்கள். சரி, அவருக்கு அதிர்ஷ்டம். நீங்கள் நச்சுத்தன்மைச் சோதனை முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.