கண்டியின் மலைகளுக்கு நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கண்டி டவுனில் அநேகமாக எங்கே நின்று நிமிர்ந்தாலும் பஹிரவகந்த மலைமேல் இருக்கும் புத்தர் சிலை வெள்ளையாகத் தெரியும். "இதோ தெரியுதே, நடந்தே போயிடலாம்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். போன வருடம் வவுனியாவிலிருந்து சித்தி பிள்ளைகளோடு வந்தபோதும் அதைத்தான் சொன்னார். பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்பட்டோம். பாதி ஏற்றத்தில் ஒரு கடைவாசலில் சித்தி உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, ஒருவழியாக மேலே போய்ச் செருப்பைக் கழற்றினால் தரை சுட்டுப் பொரிகிறது. சின்னவன் இரண்டடி வைத்தான், பிறகு என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சிலைக்குக் கிட்டப் போகாமலே அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அன்று பின்னேரம் போவதாக இருந்த ஹந்தான மலையையும் விட்டுவிட்டோம்.

அந்த நாளில் நாங்கள் செய்த தவறுகளைத்தான் கண்டிக்கு வருகிற பலரும் செய்கிறார்கள். முதலாவது, தூரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது. கைப்பேசி வரைபடம் இரண்டு கிலோமீற்றர் என்று காட்டும். அதில் எவ்வளவு ஏற்றம் என்பது கண்ணில் படாது. சமதரையில் இரண்டு கிலோமீற்றரை அரை மணி நேரத்தில் நடக்கிறவருக்கு இங்கே முக்கால் மணி நேரம் வேண்டும். பிள்ளைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டி டவுனே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு மேலேதான்.

இரண்டாவது, நேரம். இதுதான் பெரிய தவறு என்பேன். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் அதே மலை வேறு மலை. வெயில் ஏறியிருக்காது, கோயில் தரை குளிர்ந்திருக்கும், ரோட்டில் வாகனம் குறைவு. பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடங்கள் விட்டதும் கண்டி டவுன் அப்படியே நின்றுவிடும். சின்ன டவுனுக்குள் பெரிய பள்ளிக்கூடங்கள் நிறைய. வான்களும் பஸ்களும் பெற்றோரின் கார்களும் குளத்தைச் சுற்றி நெருக்கி நிற்கும். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் இருப்பதைவிட நடப்பதே வேகம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம். வெட்டவெளி முகட்டில் நிற்கும்போது இடி முழங்கத் தொடங்கினால் படம் எடுத்து முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே இறங்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் பொதுவாக வானம் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது, ஒரே நாளில் எல்லா மலையையும் பார்த்துவிட நினைப்பது. கண்டி ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் குளமும் தலதா மாளிகையும், சுற்றிவர மலைகள். பஹிரவகந்த மேற்கே, உடவத்தகெலே காடு வடகிழக்கே, ரஜபிஹில்ல காட்சி முனை தெற்கே, அதற்கும் பின்னால் ஹந்தான. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மேலாலேயே போக முடியாது. ஒவ்வொரு தடவையும் டவுனுக்கு இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். அதனால் பக்கத்தில் இருப்பவற்றைச் சேர்த்துப் போடுங்கள். உடவத்தகெலே தலதா மாளிகைக்குப் பின்னாலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம். ஹந்தானவுக்குப் போகிற நாளில் இறங்கி வந்து ரஜபிஹில்லவை அந்திக்கு வைத்துக்கொள்ளலாம். பஹிரவகந்தவை ரயிலால் வந்து இறங்குகிற நாளுக்கோ திரும்பிப் போகிற நாளுக்கோ வைத்தால் சரியாக இருக்கும்.

ரஜபிஹில்லவை நான் அந்திக்கு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குளக்கரையிலிருந்து கால் மணி, இருபது நிமிட ஏற்றம்தான். நின்று பார்த்தால் காலடியில் குளம், அதன் அக்கரையில் தலதா மாளிகை, தள்ளி பஹிரவகந்த புத்தர். அந்தக் குளத்தை வெட்டுவித்தவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம், பட்டத்துக்கு வருமுன் பெயர் கண்ணுசாமி. 1815 இல் பிரித்தானியர் அவனைப் பிடித்து, பிறகு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832 இல் அங்கேயே இறந்தான். தமிழ்நாட்டிலிருந்து உறவுக்காரர் வந்தால் நான் இதை அந்த இடத்தில் நின்றுதான் சொல்வேன். கீழே குளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அது மனதில் நிற்கிறது.

கோயில் மலைகளுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பஹிரவகந்த என்றால் பைரவர் மலை. ஆனால் இன்று அது ஒரு விகாரை. 1993 இல் திறந்த சிலையின் உயரம் 88 அடி. பின்பக்கப் படிகளால் கொஞ்சத் தூரம் மேலேயும் போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, எளிதாகக் கழற்றக்கூடிய ஆனால் வழுக்காத செருப்பு, பையில் ஒரு சோடிக் காலுறை இருந்தால் போதும். சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். இங்கே அதை அவமதிப்பாகத்தான் பார்ப்பார்கள், பொலிஸ் வரைக்கும் போன சம்பவங்கள் உண்டு. போயா (பௌர்ணமி) நாளில் வெள்ளை உடுத்த பக்தர்கள் கூட்டமாக ஏறுவார்கள். அமைதியாகப் பார்க்க விரும்பினால் வேறு நாள் பாருங்கள். எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் பின்னேரமே ரோடுகளை மூடிவிடுவதால் மலைத் திட்டம் எதையும் வைக்காதீர்கள்.

உடவத்தகெலேயில் ஒரே ஒரு தவறைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: பூங்கா என்று நினைத்துக்கொண்டு போவது. அது காடு. 100 ஹெக்டயருக்கு மேல் பரப்பு, ஒருகாலத்தில் அரசருக்குரிய வனம். மழை பெய்த மறுநாள் போனால் அட்டை காலில் ஏறாமல் இருக்காது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் மலையக ஆட்கள் செய்கிறபடி காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, அதன்மேல் நீளக் காலுறை போடுங்கள். கடித்துவிட்டால் நகத்தால் மெல்லத் தள்ளி எடுத்துவிட்டு இடத்தைக் கழுவினால் சரி. கொள்ளி வைத்துச் சுட வேண்டாம். குரங்குகளுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். உள்ளே பிக்குகள் தியானம் செய்யும் ஆசிரமங்கள் இருக்கின்றன, பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். பெண்களோ ஆண்களோ, உள்வழிகளில் தனியாகப் போகாமல் இருப்பது நல்லது.

இனி பஸ். கண்டியில் பஸ் ஸ்டாண்ட் ஒன்றல்ல. தூர இடத்து பஸ் வந்து நிற்கிற இடத்திலேயே மலைப் பக்கம் போகிற பஸ்ஸும் நிற்கும் என்று நினைத்தால் அரை மணி நேரம் வீணாகும். ஹந்தானவுக்குப் போக, மணிக்கூட்டுக் கோபுரப் பக்கத்தில் உடுவெல பஸ்ஸைக் கேளுங்கள். போர்டில் தமிழ் இருந்தாலும் சின்னதாகத்தான் இருக்கும், தடுமாறாமல் "ஹந்தானட யனவத?" (ஹந்தானவுக்குப் போகுமா?) என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள். தமிழில் கேட்டாலும் கண்டி பஸ்களில் பதில் கிடைக்கும். ஏறியவுடனேயே எங்கே இறங்க வேண்டும் என்று கொண்டக்டரிடம் சொல்லுங்கள். "ஹந்தான" என்று மட்டும் சொன்னால் அது ஒரு பெரிய பகுதி. "தேயிலை மியூசியம்" என்றால் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். சில்லறை வைத்திருங்கள். முன் ஆசனங்கள் மதகுருமாருக்கு ஒதுக்கியவை, ஒருவர் ஏறினால் எழும்பிவிடுங்கள்.

ஏறும்போது பஸ், இறங்கும்போது நடை. என் அனுபவத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பஸ் போகாத பஹிரவகந்த போன்ற இடத்துக்கு மேலே போக மட்டும் ஓட்டோ பிடியுங்கள். விலையை ஏறுமுன் பேசுங்கள், அல்லது பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள். "வெயிட்டிங்" போட்டு ஓட்டோவை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

ஹந்தானவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். 1925 இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலைதான் இன்று மியூசியமாக இருக்கிறது. பழைய இயந்திரங்கள், 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் இலங்கையில் முதலில் வணிகமாகத் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றிய பொருட்கள், மேல் மாடியில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. ஆறுதலாகப் பாருங்கள். பலர் அதைப் பார்த்து முடித்ததும் வெளியே தெரிகிற பச்சைக்குள் நேரே இறங்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கள் ஆட்கள் "மலைக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். மலை என்பது கொழுந்து எடுக்கிற இடம். நீங்கள் படம் எடுக்க நிற்கிற அந்தச் சரிவில்தான் ஒருத்தி காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். இடுப்பில் படங்கு கட்டி, கொழுந்தின் கனம் முழுவதையும் தலையில் தாங்கிக்கொண்டு. அவளுடைய நிரைக்குள் நீங்கள் புகுந்தால் வேலை நிற்கும், அந்த நேரத்துக்குரிய கொழுந்து குறையும். நிறுக்கும்போது அது தெரியும். ஒருமுறை ஒரு அக்காவிடம், "ஒரு படம் எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றார். சுமையை இறக்கி வைத்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். முன்நெற்றியில் கயிறு பதிந்த இடம் சிவந்து தெரிந்தது. அதைக் கையால் தேய்த்துவிட்டு, நிமிர்ந்து நின்று, "இப்ப எடுங்க" என்றார். அவர் எப்படித் தெரிய விரும்பினாரோ அந்தப் படம்தான் என்னிடம் இருக்கிறது. கேட்காமல் எடுத்திருந்தால் கிடைத்திருக்காது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குள்ளும் அப்படித்தான். ஒரு குடும்பம் சமைப்பதும் குளிப்பதும் அந்த வாசலில்தான். கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாமல் எட்டிப் பார்க்காதீர்கள். 2023 இல் மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்தோம். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டு வாசலை ஒருவர் காட்சிப் பொருளாகப் பார்த்தால் மனம் நோகிறது.

மியூசியத்துக்கு மேலே ஹந்தான முகடுகளுக்கு ஏற விரும்பினால் அது தனி நாள் வேலை. பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது, மானா புல்லுக்குள் பாதையும் மறைந்துவிடும். வழி தவறியவர்களை இராணுவமும் பொலிஸும் தேடி இறக்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலையகத்தில் எத்தனை சரிவுகளை இறக்கியது என்று நாடே பார்த்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் விடுக்கும். போகிற பிரதேசத்துக்கு மஞ்சள் இருந்தாலே நான் மலைக்குப் போவதில்லை.

ரயில் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகிற எல்லாக் கோச்சியும் கண்டிக்குள் வராது. சிலது பேராதனைச் சந்தியிலேயே பதுளைப் பக்கம் திரும்பிவிடும். அங்கே இறங்கி பஸ் பிடித்தால் கண்டி கிட்டத்தான், ஆனால் தெரியாமல் உட்கார்ந்திருந்தால் நாவலப்பிட்டிக்குப் போய்விடுவீர்கள். புயலில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்தது. அதனால் பழைய நேர அட்டவணையை நம்பாமல் நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கு வழியாக நினைத்து நடக்கவே கூடாது.

கண்டியிலிருந்து இன்னும் மேலே போகிறவர்களுக்குச் சுருக்கமாக: நுவரெலியா டவுனுக்கு ரயில் நிலையம் இல்லை, நானுஓயாவில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும். நாட்டின் ஆக உயர்ந்த மலையான 2,524 மீற்றர் பிதுருதலாகலைக்கு நடந்து ஏற விடமாட்டார்கள், காவல் சாவடியில் பதிந்து வாகனத்தில்தான் போகலாம். ஹப்புத்தளையில் லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்குப் போக தம்பத்தன்னை தொழிற்சாலை வரைக்கும் பஸ் இருக்கிறது, அதற்கு மேல் ஏழு கிலோமீற்றர் ஏற்றம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனி வந்து மூடிவிடும். முதல் பஸ்ஸில் போகாதவர் வெள்ளையைத்தான் பார்த்துவிட்டு வருவார்.

கடைசியாக, திரும்பி வருவது. மேலே போகிற அவசரத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை. நம் ஊரில் ஆறு, ஆறரைக்குள் சூரியன் இறங்கிவிடும், மலைக்குப் பின்னால் அது இன்னும் முந்தியே மறையும். பாசி பிடித்த படியில் இறங்கும்போதுதான் கால் சறுக்கும், முழங்காலும் அப்போதுதான் நோகும். ஒரு டோர்ச், ஒரு மழைக் கோட்டு, தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட் எப்போதும் பையில் இருக்கட்டும். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஹந்தானவில் இறங்கிய அன்று நான் கேட்டதற்கு, கதவைப் பிடித்துத் தொங்கியபடியே கொண்டக்டர் அண்ணன் சொன்னார்: "மழை வந்தா பஸ் பிந்தும் தம்பி. நாலு மணிக்கே ரோட்டுக்கு வந்திடுங்க. அந்த வளைவில நில்லுங்க, கண்டா நிப்பாட்டுவோம்."