படிகவியல் விருதுக்கு முதல்முறை விண்ணப்பிக்கிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

எக்ஸ் கதிர்கள் படிகத்தில் பட்டுத் திரும்புவதற்கான சமன்பாட்டை 1912இல் லாரன்ஸ் பிராக் முன்வைத்தபோது அவருக்கு வயது 22. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவர். மூன்றே ஆண்டில் அப்பாவும் மகனுமாக இயற்பியல் நோபலை வாங்கிவிட்டார்கள். 25 வயதிலேயே இயற்பியல் நோபல் வாங்கிய மகனின் இளவயதுச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. படிகங்களைக் கொண்டு பொருள்களின் அணு அமைப்பை ஆராயும் படிகவியலுக்குள் வந்த எவரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. ஆனால் முதல் விருதுக்கு விண்ணப்பிக்க உட்காரும் மாணவருக்கு இதனால் காலணா பயனில்லை. பிராக் படிவம் எதையும் நிரப்பவில்லை. நாம் நிரப்பியாக வேண்டும்.

அதை எப்படி நிரப்புவது என்பதுதான் இந்தப் பதிவு. எடுத்துக்காட்டுகள் படிகவியலிலிருந்து வருகின்றன. வேறு துறையில் இருப்பவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: உங்கள் படிக்கட்டு எது?

ஒரு சிறிய துறையில் விருதுகள் மூன்று நான்கு அடுக்குகளாக இருக்கும். படிகவியலில் உச்சியில் இருப்பது சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒன்றியத்தின் மாநாட்டையொட்டி அதைக் கொடுக்கிறார்கள். 1999இல் இந்திய விஞ்ஞானி ஜி. என். ராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. புரத அமைப்புகளைச் சரிபார்க்க உதவும், அவர் பெயரால் வழங்கும் வரைபடம் 1963இலேயே வெளிவந்துவிட்டது. இடையில் 36 ஆண்டுகள்! வாழ்நாள் பணிக்கான விருது என்றால் இப்படித்தான்.

அதற்குக் கீழே, சொந்தமாக ஆய்வுக்கூடம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கானவை. அமெரிக்கப் படிகவியல் சங்கத்தின் மார்கரெட் எட்டர் விருது அந்த வகை. அடுத்த அடுக்கு மாணவர்களுக்கானது. சர்வதேச விளிம்பு விலகல் (diffraction) தரவு மையம் கொடுக்கும் லூடோ ஃப்ரெவல் உதவித்தொகை, படிகவியலில் ஆய்வு செய்யும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கானது. கடைசி அடுக்கு, ஆய்வைச் சுவரொட்டியாக விளக்குவதற்கு மாநாடுகளில் கொடுக்கும் போஸ்டர் பரிசு.

தொடக்கநிலையில் இருக்கிறீர்களா? போஸ்டர் பரிசிலிருந்து ஆரம்பியுங்கள். தனி விண்ணப்பம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆய்வுச்சுருக்கம் அனுப்பும்போது 'மாணவர் போட்டி' என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதும். அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டு, அருமையான போஸ்டரோடு போட்டிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவர்கள் வரும் நேரத்தில் போஸ்டர் பக்கத்தில் இருங்கள். டீ குடிக்கப் போய்ப் பரிசைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "தங்களைச் சிறந்த இளம் விஞ்ஞானியாகத் தேர்ந்தெடுத்துள்ளோம், பதிவுக் கட்டணம் செலுத்துங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் நேரே குப்பைக்கு அனுப்புங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத விருது உங்களைத் தேடி வந்து காசு கேட்காது. சங்கங்கள் உறுப்பினர் சந்தா கேட்பது வேறு விஷயம்; அது உண்டு. சந்தேகமாக இருந்தால் தேர்வுக்குழுவில் யார் யார், முன்பு வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். துறையில் கேள்விப்பட்ட ஒரு பெயர்கூட இல்லையென்றால் கதை முடிந்தது.

படி 2: விதியில் கடிகாரம் எங்கே ஓடுகிறது?

'இளம் ஆய்வாளர்' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள். சில விருதுகள் வயதைப் பார்க்கும். பல விருதுகள் பிஎச்.டி. முடித்து எத்தனை ஆண்டு என்று பார்க்கும். அதிலும் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த நாளா, பட்டச் சான்றிதழில் உள்ள தேதியா என்று பார்க்க வேண்டும். மகப்பேறு, நோய் போன்ற காரணங்களால் ஆய்வில் இடைவெளி விழுந்திருந்தால், அதைக் கழித்துக் கணக்கிட நிறைய விருதுகள் இடம் தருகின்றன. ஆனால் நீங்களாகச் சொன்னால்தான். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

படி 3: யார் முன்மொழியலாம்?

சில விருதுகளுக்கு நாமே விண்ணப்பிக்கலாம். சிலவற்றுக்கு வேறொருவர்தான் நம் பெயரை முன்மொழிய வேண்டும். இரண்டாவது வகை என்றால், உங்கள் கைடு (ஆய்வு வழிகாட்டி) தானாக முன்மொழிவார் என்று காத்திருப்பது வீண். அவருக்கு அப்படி ஒரு விருது இருப்பதே நினைவில் இருக்காது. "சார், இந்த விருதுக்கு என்னை முன்மொழிய முடியுமா? விதிகளையும் கடைசித் தேதியையும் இணைத்திருக்கிறேன்" என்று இரண்டு வரி அனுப்புங்கள். இதில் தப்பொன்றும் இல்லை. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

படி 4: அந்த ஒரு பத்தி

படிவத்தில் எத்தனை பக்கம் இருந்தாலும், தேர்வுக்குழுவில் இருப்பவர் முதலில் படிப்பது உங்கள் பங்களிப்பைச் சொல்லும் பத்தியைத்தான். அவர் முன்னால் இன்னும் முப்பது கோப்புகள் கிடக்கும். அதனால் மொத்த நேரத்தில் பாதியை இந்தப் பத்திக்கே ஒதுக்குங்கள்.

வழக்கமாக வருவது இது:

"நான் புரதப் படிகவியலில் குறிப்பிடத்தக்க பங்களிப்பைச் செய்துள்ளேன். பல சர்வதேச மாநாடுகளில் கலந்துகொண்டுள்ளேன்."

இதில் பெயரை மட்டும் மாற்றி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இப்போது, நான் கற்பனையாக எழுதிய இன்னொன்று:

"இந்த நொதியின் படிகங்கள் 3.2 ஆங்ஸ்ட்ராம் தரவுதான் தந்தன. அதனால் வினைமையத்தில் எந்த அமினோ அமிலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வளர்ப்புக் கரைசலின் உப்பை மாற்றி, குறைந்த வெப்பநிலையில் மெதுவாக வளரவிட்டு, 1.9 ஆங்ஸ்ட்ராம் தரவைப் பெற்றேன். வினைமையத்தில் நீர் மூலக்கூறு ஒன்று இருப்பது அதில் தெரிந்தது. நொதியைத் தயாரித்துத் தந்தது கூட்டாளிக் குழு. படிகம் வளர்த்ததும் கட்டமைப்பைக் கண்டறிந்ததும் நான்."

ஆங்ஸ்ட்ராம் என்பது அணு அளவு தூரங்களுக்கான அலகு; அந்த எண் குறையக் குறைய படம் தெளிவாகும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே 3.2, 1.9 என்ற இரண்டு எண்களே பாதி வாதத்தை முடித்துவிடுகின்றன. முன்பு என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன தெரிந்தது என்ற வரிசையும் இருக்கிறது.

கடைசி வாக்கியம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பேப்பரில் எட்டுப் பேர் பெயர் இருந்தால், உங்கள் கை எது என்று குழுவுக்கு எப்படித் தெரியும்? டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிய உதவிய 'புகைப்படம் 51' என்ற எக்ஸ் கதிர்ப் படத்தைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. 1952 மே மாதம் அதை எடுத்தவர், ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் வழிகாட்டுதலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ரேமண்ட் காஸ்லிங். அந்த மாணவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் பங்கை நீங்களே எழுதுங்கள். கூடவே மற்றவர்களின் பங்கையும் நேர்மையாக எழுதுங்கள். குழுவில் உங்கள் கூட்டாளியின் நண்பர் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

படி 5: பரிந்துரைக் கடிதம்

பெரிய பெயருள்ளவரிடம் வாங்கிய நாலு வரிக் கடிதத்தைவிட, உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரின் ஒரு பக்கக் கடிதம் எடை கூடியது. கேட்கும்போது வெறும் சி.வி.யை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். விருதின் விதிமுறை, உங்கள் பத்தி, அவர் நேரில் பார்த்த இரண்டு மூன்று சம்பவங்களின் நினைவூட்டல் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். "ஜனவரியில் படிகங்கள் எல்லாம் உடைந்தபோது நான் மறுபடி முதலிலிருந்து வளர்த்தேனே, அது" என்கிற மாதிரி. கடிதத்தை அவர்தான் எழுத வேண்டும். ஆனால் எதை எழுதுவது என்று அவர் தலையைச் சொறியத் தேவையிருக்காது. மூன்று வாரம் முன்பே கேளுங்கள், ஒரு வாரம் இருக்கும்போது நினைவூட்டுங்கள்.

படி 6: சமர்ப்பித்தல்

கடைசித் தேதி எந்த நாட்டு நேரப்படி என்று பாருங்கள். என் முதல் விண்ணப்பம் இதில்தான் போனது. 'நள்ளிரவு வரை' என்று போட்டிருந்தார்கள். என் ஊர் நள்ளிரவு என்று நினைத்து, இரவு பதினோரு மணிக்குச் சாவகாசமாகப் பக்கத்தைத் திறந்தேன். அவர்கள் ஊர் நள்ளிரவு நான் மாலை டீ குடிக்கும்போதே கடந்துவிட்டிருந்தது. பத்தி பிரமாதமாக வந்திருந்தது என்பதுதான் கொடுமை.

கிடைக்காமல் போனால் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள்: இந்த முன்மொழிவு அடுத்த சுற்றுக்கும் செல்லுமா, குழுவின் கருத்து ஏதாவது கிடைக்குமா? முதல் கேள்விக்குச் சில சங்கங்கள் 'ஆம்' என்கின்றன. அப்படியென்றால் அடுத்த முறை புதிய பேப்பர்களை மட்டும் சேர்த்தால் போதும். உங்கள் பங்களிப்புப் பத்தியை, கோப்பின் பெயரில் ஆண்டையும் சேர்த்துத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.